கார்பெட்டில் நாய், பூனை கறையும் வாடையும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கார்பெட்டில் நாய் மூத்திரம் போனால் மேலே தெரிவது உள்ளங்கை அளவுக் கறை. ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தால் அதே கறை ஒரு பெரிய தட்டு அளவுக்குப் பரவியிருக்கும். முதல் தடவை அப்படித் தூக்கிப் பார்த்த அன்றுதான், அதுவரை நான் செய்ததெல்லாம் ஏன் பலிக்கவில்லை என்று புரிந்தது. அத்தனை வாரமும் மேல் இழையை மட்டும்தான் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

கார்பெட் ஒற்றைத் துணி அல்ல. மேலே இழை. அதைப் பிடித்திருக்கும் ஒரு நெய்த துணி. அதன் கீழே ரப்பர் பசை. அப்புறம் இன்னொரு துணி, சணலாகவோ பிளாஸ்டிக் நூலாகவோ இருக்கும். அறை முழுக்கப் பதித்த கார்பெட் என்றால் அதற்கும் கீழே ஸ்பாஞ்சு மெத்தை, அதற்கும் கீழே தரை. மூத்திரம் இழை வழியாக நேராக இறங்கி, மெத்தையைத் தொட்டதும் பக்கவாட்டில் விரியும். மேலே குறுகல், கீழே அகலம். ஆகவே அது எவ்வளவு ஆழமும் அகலமும் போனதோ அவ்வளவு தூரம் நீங்கள் ஊற்றுவதும் போக வேண்டும். போனது முழுதும் திரும்ப வெளியே வரவும் வேண்டும். கீழே சொல்லும் எல்லா வழிகளும் இந்த ஒன்றில் இருந்துதான் வருகின்றன.

எதையும் ஊற்றுவதற்கு முன்

உங்கள் கார்பெட் என்ன இழை என்று தெரிந்துகொள்ளுங்கள். மறைவான மூலையில் ஒரே ஒரு இழையை வெட்டி, இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் வாடை வந்து, ஆறிய சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியானால் அது கம்பளி அல்லது பட்டு. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் நைலான், பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை.

இது ஏன் முக்கியம் என்றால், கம்பளியும் பட்டும் புரதத்தால் ஆனவை. கறை போக்க விற்கும் என்சைம் கிளீனரில் இருக்கும், புரதத்தைச் சிதைக்கும் என்சைம் கறையோடு நிற்காது, இழையையும் அரிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு சாயத்தை வெளுக்கும். ப்ளீச் கம்பளியைக் கரைத்தேவிடும். கம்பளிக்கு ஆறின தண்ணீர், கொஞ்சம் வினிகர், காரம் இல்லாத லேசான சோப்பு, அவ்வளவுதான். கையால் நெய்த விரிப்பு என்றால் ஈரத்தை ஒற்றி எடுப்பது வரைக்கும் நீங்கள் செய்யுங்கள். மிச்சத்தை அந்த வகை விரிப்புகளைச் சலவை செய்து பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

செயற்கை இழையிலும் புதிதாக எதைப் போடுவதானாலும், முதலில் ஒரு மூலையில் சில சொட்டு விட்டு, 10 நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். துணியில் கார்பெட்டின் நிறம் ஏறினால் அந்தத் திரவம் வேண்டாம்.

சில பொருட்களை எந்த இழைக்கும் எடுக்கவே கூடாது. ப்ளீச் முதலாவது. மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரமைன் வாயு கிளம்பும். கண்ணும் மூச்சுக்குழாயும் எரியும், மூடிய அறையில் அது ஆபத்து. அம்மோனியா கலந்த கிளீனர் இன்னொன்று. நமக்கு அது சுத்தத்தின் வாசனை, நாய்க்கும் பூனைக்கும் அது இன்னொரு பிராணியின் மூத்திரம். கொதிநீரும் நீராவியும் வேண்டாம். சூடு பட்டால் புரதம் இழையோடு இறுகிவிடும், அப்புறம் அதைப் பிரிப்பது கடினம். ஃபீனால் உள்ள கிருமிநாசினியையும் டீ ட்ரீ எண்ணெயையும் பூனை இருக்கும் வீட்டில் பயன்படுத்தாதீர்கள். பூனையின் கல்லீரலால் இவற்றைச் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. பாதத்தில் ஒட்டியதை அது நக்கும், விஷம் உள்ளே போகும்.

அறிகுறி: இப்போதுதான் போனது, இன்னும் ஈரமாக இருக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் எளிது. ஆனால் பாதிப்பேர் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் பதற்றத்தில் கை தேய்க்கத் தொடங்கிவிடுகிறது. தேய்த்தால் ஈரம் பக்கத்து இழைகளுக்கும் அடிக்கும் போகும், இழையின் முறுக்கும் பிரியும். கறை போன பிறகும் அந்த இடம் பஞ்சு மாதிரி பொசபொசவென்று தனியாகத் தெரியும்.

நான்காக மடித்த வெள்ளைத் துண்டை வைத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். கையால் அழுத்துவது போதாது, உடம்பு எடை முழுதும் இறங்க வேண்டும். முப்பது எண்ணிவிட்டுத் துண்டை எடுத்துப் பாருங்கள். முதல் மடிப்பில் அடர்மஞ்சள் வட்டம் இருக்கும். திருப்பி வைத்து மறுபடி நில்லுங்கள். வட்டம் வெளிறும். மூன்றாவது, நான்காவது மடிப்பில் வட்டத்தின் ஓரம் மட்டும் லேசாகத் தெரியும், நடு வெளுத்திருக்கும். துண்டில் ஈரமே ஏறாதவரை இதைச் செய்யுங்கள். இந்த ஐந்து நிமிட வேலை, பின்னால் ஊற்றும் எந்த மருந்தையும் விடப் பெரிது என்பது என் அனுபவம்.

அப்புறம்:

1. ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரை மெல்ல ஊற்றி, மறுபடி அதே மாதிரி ஒற்றி எடுங்கள். ஈரத்தை உறிஞ்சும் வாக்குவம் இருந்தால் இந்த இடத்தில் அது மிகவும் உதவும். சாதாரண வாக்குவத்தை ஈரத்தில் வைக்காதீர்கள், மின்சாரம் தாக்கலாம்.

2. செயற்கை இழையானால் என்சைம் கிளீனரை ஊற்றுங்கள். ஸ்ப்ரே அடிப்பது போதாது. போன மூத்திரத்தின் அளவுக்குக் குறையாமல், கறையின் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் அகலத்துக்கு நனைய வேண்டும்.

3. பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம் முழுதும் அது ஈரமாக இருக்கட்டும். காய்ந்துவிட்டால் என்சைம் வேலையை நிறுத்திவிடும். பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தால் காயாது.

4. ஒற்றி எடுத்துவிட்டு, மின்விசிறியைத் தரை மட்டத்தில் கார்பெட்டை நோக்கி வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அடிவரை காய வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், அப்போது வேறொரு வாடையோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

கம்பளியானால் என்சைமுக்குப் பதில் ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர். ஊற்றி, ஒற்றி, வெறும் தண்ணீரால் அலசி, மறுபடி ஒற்றி, சீக்கிரம் காயவையுங்கள்.

அறிகுறி: கறை போய்விட்டது, வாடை போகவில்லை

நிறம் மேலே இருப்பது, வாடை கீழே இருப்பது. இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

புதிய மூத்திரம் பெரும்பாலும் லேசான அமிலம், வாடையும் அவ்வளவு இருக்காது. அதில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்க உடைக்க அம்மோனியா உண்டாகும். அமிலம் காரமாக மாறும், மூக்கைத் துளைக்கும் வாடை அப்போதுதான் வரும். ஆகவே ஒரு வாரம் பழைய இடத்தில் நீங்கள் எதிர்கொள்வது வேறு பொருள். பாக்டீரியா, அது தின்னும் சத்து, காய்ந்த உப்பு மூன்றும் மெத்தையில் உட்கார்ந்திருக்கும். மேலே வாசனைத் திரவம் அடித்தால் இரண்டு மணி நேரம் தாங்கும், அப்புறம் இரண்டு வாடையும் கலந்து வரும்.

இங்கே முதல் வேலை காய்ந்ததைக் கரைப்பது. வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீரை, மெத்தைவரை இறங்கும் அளவுக்கு ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தால் இழுங்கள். இதை இரண்டு முறை செய்யுங்கள். அம்மோனியா வாடை கடுமையாக இருந்தால் இரண்டாவது முறை தண்ணீரில் பாதிக்குப் பாதி வினிகர் கலக்கலாம். வினிகரின் அமிலம் அம்மோனியாவை வாடையற்ற உப்பாக்கிவிடும், அந்த உப்பு தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அதன் பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை அலசாமல் என்சைம் ஊற்றாதீர்கள். வினிகரும் கிருமிநாசினியும் பெராக்சைடும் மிச்சமிருக்கும் இடத்தில் என்சைமும், அந்தப் பாட்டிலில் உள்ள நல்ல பாக்டீரியாவும் செயலிழந்துவிடும். "என்சைம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களைக் கேட்டால் பாதிப்பேர் அதற்கு முன்னால் வேறு நாலு பொருளை ஊற்றியிருப்பார்கள்.

பழைய கறைக்கு என்சைம் கால் மணி நேரத்தில் முடியும் வேலை அல்ல. ஒரு ராத்திரி முழுக்க மூடி ஈரமாக வையுங்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டாவது முறையும் தேவைப்படலாம். நடுவில் வாடை கொஞ்சம் கூடும், பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பது உடைந்து வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒரே நேரத்தில் போட்டு நுரைக்கவிடுவது பரவலாகச் சொல்லப்படும் வழி. பார்க்க ஏதோ பெரிய வேலை நடப்பது போல இருக்கும். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, சோடியம் அசிடேட் கலந்த தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும்தான் மிஞ்சும். இரண்டும் தனித்தனியே உதவும். வினிகர் ஈரமான கட்டத்தில். சோடா எல்லாம் முடிந்து முழுக்கக் காய்ந்த பிறகு, மெல்லிய தூவலாக ஒரு ராத்திரி இருந்துவிட்டு மறுநாள் வாக்குவத்தில் இழுக்க. அந்தப் பொடி மிக மெல்லியது, வாக்குவத்தின் வடிகட்டியை அடைக்கும். இழுத்து முடித்ததும் வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

அறிகுறி: பூனை மூத்திரம், எல்லாம் செய்தும் ஒரு காட்டமான வீச்சம் மட்டும் நிற்கிறது

பூனையின் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, அதில் கந்தகம் உண்டு. போன உடனே அதற்குப் பெரிய வாடை கிடையாது. நேரம் ஆக ஆக அது உடைந்து தயோல் என்ற கந்தகச் சேர்மங்கள் உண்டாகும். அவை மிகச் சிறு அளவிலும் மனித மூக்குக்கு எட்டும். அதனால்தான் பூனை போன இடம் அன்றைக்கு விட மறுநாளும் மூன்றாம் நாளும் மோசமாகிறது. கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் ஃபெலினின் அதிகம்.

தயோலை முறிக்கச் சிறந்தது ஆக்சிஜனேற்றம். இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் திரவத்தின் வீச்சமும் தயோலால் வருவதுதான். அது பட்ட நாய்களைக் கழுவ 1993-ல் பால் கிரெபாம் என்ற வேதியியலாளர் ஒரு கலவையை வெளியிட்டார். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, கொஞ்சம் திரவ சோப்பு, இவை மூன்றும்தான். கார்பெட்டுக்கு அதே விகிதத்தில் சிறிய அளவு போதும்: 250 மில்லி பெராக்சைடுக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா, பாத்திரம் கழுவும் திரவம் சில துளி.

செய்முறையில் சில எச்சரிக்கைகள். கலந்த உடனே பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஆக்சிஜன் வாயு வந்துகொண்டே இருக்கும், மூடிய பாட்டிலில் வைத்தால் வெடித்துவிடும். கையுறை போடுங்கள். கம்பளியிலும் பட்டிலும் வேண்டவே வேண்டாம். அடர்நிறச் செயற்கை இழையில் மூலைச் சோதனை இல்லாமல் ஊற்ற வேண்டாம், வெளுத்த இடம் திரும்ப நிறம் பெறாது. என்சைம் வேலை முடிந்து, ஒற்றி, காய்ந்த பிறகுதான் இது. 10 அல்லது 15 நிமிடம் விட்டு, தண்ணீரால் அலசி எடுங்கள்.

பூனை சுவரிலும் பீய்ச்சும். கார்பெட்டில் ஒன்றும் இல்லாமல் வீச்சம் வந்தால், தரையில் இருந்து பூனையின் வால் உயரத்துக்குச் சுவர், திரைச்சீலை, சோஃபாவின் பின்பக்கம் எல்லாம் மோந்து பாருங்கள்.

அறிகுறி: வாடை வருகிறது, இடம் தெரியவில்லை

ராத்திரி வரை காத்திருங்கள். விளக்குகளை அணைத்து, ஜன்னலை மூடி, கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிடம் இருங்கள். 365 முதல் 395 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை முழங்கால் உயரத்தில் பிடித்து, தரையை ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். காய்ந்த மூத்திரம் மங்கலான மஞ்சள் பச்சையாகத் தெரியும். பளிச்சென்று நீலவெள்ளையாகத் தெரிந்தால் அது சோப்பின் மிச்சமாக இருக்கலாம். சலவைப் பொருளில் உள்ள வெண்மையூட்டிகளும் இந்த வெளிச்சத்தில் ஒளிரும். சந்தேகமான இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள், விளக்கைப் போட்டதும் எல்லாம் மறைந்துவிடும். டார்ச்சை உங்கள் கண்ணுக்கும் பிராணியின் கண்ணுக்கும் நேராகக் காட்டாதீர்கள்.

டார்ச் இல்லை என்றால் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துண்டுகளைச் சந்தேகமுள்ள இடங்களில் விரித்து, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் ஒவ்வொன்றாக எடுத்து, வேறு அறைக்குக் கொண்டுபோய் மோந்து பாருங்கள். அதே அறையில் நின்று மோந்தால் மூக்கு ஏற்கெனவே பழகியிருக்கும், வித்தியாசம் பிடிபடாது.

ஆண் நாய் இருந்தால் சுவரோரத்தை விடாமல் பாருங்கள். மேசைக்காலிலும் சுவரிலும் அடித்தது வழிந்து கார்பெட்டின் ஓரத்துக்குள் போகும். பதித்த கார்பெட்டின் ஓரத்தை இழுத்துப் பிடிக்க ஆணி வைத்த ஒரு மரச்சட்டம் அங்கே இருக்கும். அந்தச் சட்டம் மூத்திரத்தை உறிஞ்சிவிட்டால், கார்பெட்டை எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது.

அறிகுறி: வெயில் நாளில் ஒன்றும் இல்லை, மழை நாளில் வாடை எழும்புகிறது

காய்ந்த மூத்திர உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் பட்டதும் பாக்டீரியா மறுபடி விழித்துக்கொள்ளும். இது புதிய கறை அல்ல, பழைய வேலை பாதியில் நின்றதன் அடையாளம். மேலே "வாடை போகவில்லை" என்ற பகுதியில் சொன்னபடி கரைத்து இழுப்பதில் இருந்து தொடங்குங்கள். அதுவரை அறையில் ஈரப்பதத்தைக் குறைத்தால் வாடையும் குறையும், ஆனால் அது தற்காலிகம்தான்.

அறிகுறி: ஈரமாக இருந்தபோது போன கறை, காய்ந்ததும் மேலே வந்துவிட்டது

இதைப் பார்த்து மனம் உடைந்து கார்பெட்டையே தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். கார்பெட்டில் குறை எதுவும் இல்லை. இழை காயும்போது அதன் நுனியில் இருந்துதான் ஈரம் ஆவியாகும். திரி எண்ணெயை இழுப்பது போல அடியில் உள்ள தண்ணீர் மேலே ஏறும், அழுக்கையும் கூடவே தூக்கிவரும். தண்ணீர் ஆவியாகும், அழுக்கு நுனியில் நின்றுவிடும்.

இம்முறை குறைவான தண்ணீர். லேசாக நனைத்து, மேலே கனமான வெள்ளைத் துண்டுகளை ஐந்தாறு அடுக்கு வைத்து, பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன் மேல் தடித்த புத்தகங்களையோ தண்ணீர் நிறைந்த வாளியையோ ஏற்றுங்கள். ராத்திரி முழுக்க இருக்கட்டும். ஏறிவரும் அழுக்கு இழையின் நுனியில் நிற்காமல் துண்டுக்குள் போய்விடும். காலையில் துண்டின் அடிப்பக்கத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் வழி சரியாகப் போகிறது, மறுநாளும் செய்யுங்கள்.

அடித்துணி சணலாக இருந்தால், அதிகத் தண்ணீர் விட்ட இடத்தில் மூத்திரத்துக்குச் சம்பந்தமே இல்லாத பழுப்பு நிறம் ஏறும். அது சணலின் சாறு. ஒரு பங்கு வினிகர், நான்கு பங்கு தண்ணீர் லேசாகத் தெளித்து ஒற்றினால் பெரும்பாலும் வெளிறிவிடும்.

அறிகுறி: கழுவிய இடம் மட்டும் சீக்கிரம் அழுக்காகிறது, காலில் ஒட்டுகிறது

சோப்பு மிச்சம், வேறொன்றும் இல்லை. காய்ந்த சோப்பு தூசியைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி சோப்பு போடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் கால் டம்ளர் வினிகர் கலந்து நனைத்து, ஒற்றி, வெறும் தண்ணீரால் அலசுங்கள். நுரை வருவது நின்றதும் நிறுத்தலாம்.

அறிகுறி: மஞ்சள் அல்லது வெளுத்த அடையாளம் எதற்கும் அசையவில்லை

வெள்ளைத் துணியை நனைத்து ஐந்து நிமிடம் அழுத்திவைத்துப் பாருங்கள். துணியில் எதுவுமே ஏறவில்லை, வாடையும் இல்லை என்றால் அங்கே கறை இல்லை; சாயம் போயிருக்கிறது. நாள்பட்ட மூத்திரத்தின் காரத்தன்மை சாயத்தைச் சிதைத்துவிடும். இல்லாத ஒன்றைக் கழுவ முடியாது. சாயம் ஏற்றுபவரிடம் காட்டலாம், அல்லது அலமாரிக்கு அடியில் மறைந்துள்ள கார்பெட்டில் ஒரு துண்டை வெட்டி இங்கே பொருத்தலாம். இதைச் சொல்வது, வெளுத்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டை விழவைத்த கார்பெட்டுகளைப் பார்த்திருப்பதால்தான்.

அறிகுறி: வாந்தி, பேதி, ரத்தம்

வாந்தியில் இரைப்பையின் அமிலம் இருக்கிறது, நேரம் ஆக ஆக நிறத்தைக் கெடுக்கும். கட்டியை அட்டையால் வெளியிலிருந்து உள்நோக்கி வழித்தெடுங்கள். சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவினால் ஈரத்தை உறிஞ்சி அமிலத்தையும் முறிக்கும். காய்ந்ததும் வாக்குவத்தில் இழுத்து, என்சைம் போடுங்கள். பிராணி உணவில் சிவப்புச் சாயம் இருந்தால் நைலானில் அது நிரந்தரமாக ஏறிவிடலாம். அடிக்கடி வாந்தி எடுக்கும் பிராணிக்குச் சாயம் இல்லாத உணவு நல்லது.

கெட்டியான மலம் பிரச்சினையே இல்லை. பேதியை அள்ளும்போது பரப்பாமல் அள்ளுங்கள், கையுறை அவசியம். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அது வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளில்தான் தொற்றும் நிலையை அடையும், ஆகவே அன்றன்றே அள்ளிவிடுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம், வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். செயற்கை இழையில் மிச்சம் தெரிந்தால் 3 சதவீதப் பெராக்சைடு சில சொட்டு.

அறிகுறி: சுத்தம் செய்த பிறகும் அதே இடத்துக்கே போகிறது

உங்கள் மூக்குக்கு ஒன்றும் இல்லை என்பது சான்று அல்ல. மனிதருக்கு மோப்ப உணர்விகள் சுமார் 50, 60 லட்சம். நாய்களில் பல இனங்களுக்கு 20 கோடிக்கு மேல். மெத்தையில் மிச்சம் இருக்கிறது என்று அது உங்களுக்குச் சொல்கிறது. ஆழமாக ஒருமுறை செய்யுங்கள். முடிந்தால் அந்த இடத்தில் அதன் படுக்கையையோ தண்ணீர்க் கிண்ணத்தையோ வையுங்கள், தூங்கும் இடத்தையும் குடிக்கும் இடத்தையும் அவை பெரும்பாலும் அசுத்தம் செய்யாது. பூனைகள் இருந்தால் மணல் பெட்டி, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

ஆனால் பழகிய பிராணி திடீரென்று வீட்டுக்குள் போகத் தொடங்கினால் கார்பெட்டை விட்டுவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு என்று காரணங்கள் பல. வயதான நாய்க்கு மூட்டுவலியாகவும் இருக்கலாம், வாசல்வரை நடக்க முடியாமல் போயிருக்கும். ஆண் பூனை திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் அது அவசரம். குழாய் அடைத்திருக்கிறது, ஓரிரு நாளில் உயிரே போகும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடிக்காதீர்கள், மூக்கைப் பிடித்து ஈரத்தில் அழுத்தாதீர்கள். எதற்காக இந்தத் தண்டனை என்று அதற்குப் புரியாது. உங்கள் எதிரில் போகக் கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொள்ளும், அடுத்த முறை சோஃபாவுக்குப் பின்னால் போகும். நீங்கள் பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

அறிகுறி: எதற்கும் மசியவில்லை

ஆழமான முறையை இரண்டு தடவை முழுதாகச் செய்தும் வாடை நின்றால், மூன்றாவது முறை ஊற்றாதீர்கள். கார்பெட்டைத் தூக்குங்கள். மூலையில் இருந்து குறடால் இழுத்தால் ஆணிச் சட்டத்தில் இருந்து விடும். ஆணிகள் கூர்மை, கையுறை போடுங்கள். அடியில் மெத்தை மஞ்சளாகவோ பொடிந்தோ இருந்தால் கழுவ முயலாமல், கறையின் விளிம்பைத் தாண்டிச் சதுரமாக வெட்டி எடுத்துவிடுங்கள். மெத்தை மலிவு, அதைக் காப்பாற்றச் செலவிடும் நேரம் மலிவு அல்ல. ஊறிய மரச்சட்டத்தையும் மாற்றுங்கள்.

தரையைப் பாருங்கள். கான்கிரீட் பார்க்கக் கெட்டி, ஆனால் நுண்துளைகள் நிறைந்தது, மரமும் அப்படித்தான். என்சைம் ஊற்றி ஒரு நாள் மூடிவைத்து, கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். அதன் பிறகும் குனிந்து மோந்தால் வாடை இருந்தால், கறையையும் வாடையையும் அடைக்கும் ஷெல்லாக் பிரைமரை இரண்டு பூச்சு அடியுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பிராணிகள் வேறு அறையில் இருக்கட்டும். கார்பெட்டின் அடிப்பக்கத்தையும் அந்த நேரத்தில் என்சைமால் நனைத்து, காயவைத்துவிடுங்கள். அடித்துணி பசைவிட்டுத் தனியாகப் பிரிந்து வந்தால் அந்தப் பகுதி முடிந்துபோனது, ஒட்டுப்போட வேண்டியதுதான்.

பிரைமர் காய்ந்து, அதே தடிப்பில் புது மெத்தைத் துண்டைப் பொருத்தி, கார்பெட்டைத் திரும்ப மாட்டிய பிறகு அறையை உடனே மோந்து பார்க்காதீர்கள், மூக்கு களைத்திருக்கும். ராத்திரி ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு வேறு அறையில் தூங்குங்கள். காலையில் கதவைத் திறந்து நீங்கள் உள்ளிழுக்கும் முதல் மூச்சு, அந்த ஒரு மூச்சு மட்டும், உண்மையைச் சொல்லும்.